பத்மினிக்கு ஸ்பீக்கர் மாட்டக் கொடுத்து 28,500 ரூபாய் போச்சு: பழைய கார் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

28,500 ரூபாய் போனது மட்டுமல்ல, வண்டியின் இரண்டு முன்கதவையும் கிரைண்டர் வைத்து அறுத்துக் கொடுத்திருக்கிறார்கள். திருநெல்வேலியில் உள்ள ஒரு கார் ஆக்சஸரீஸ் கடையின் வேலை இது. புகார் கொடுக்கப் போகிறேன், அதனால் கடைப் பெயரை இப்போதைக்கு எழுதவில்லை. பழைய வண்டியில் நல்ல ஸ்பீக்கர் மாட்டுவதென்றால் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வண்டி 1978 பிரீமியர் பத்மினி. அப்பா வாங்கியது. ஸ்டியரிங் பக்கத்தில் கியர், முன்னால் ஒரே நீள சீட்டு, கதவின் உள்பக்கம் ரெக்சின் ஒட்டிய அட்டை என்று எல்லாமே வந்தது வந்தபடி இருந்தது. அம்பாசமுத்திரத்தில் இருந்து பாபநாசம், குற்றாலம் என்று குடும்பத்தோடு போவோம். பாட்டுக் கேட்க டேஷ்போர்டுக்கு அடியில் கரகரக்கிற ஒரு ஸ்பீக்கர்தான். அதை மாற்ற ஆசைப்பட்டேன். ஆனால் தகரத்தில் ஒரு ஓட்டைகூட விழக்கூடாது. பின் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பலகையைக் கழற்றி வைத்துவிட்டு, அதே அளவில் புதுப் பலகை செய்து அதில் இரண்டு ஓவல் ஸ்பீக்கர், சீட்டுக்கு அடியில் சின்ன ஆம்ப்ளிஃபயர். என்றைக்கு வேண்டாம் என்றாலும் கழற்றிவிட்டுப் பழையபடி ஆக்கிவிடலாம். இதைக் கடைக்காரரிடம் ஒருமுறைக்கு இருமுறை சொன்னேன்.

அவர் பேசிய பேச்சு இப்போதும் காதில் நிற்கிறது. வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, அந்த ரெக்சினை உள்ளங்கையால் மெல்லத் தடவினார். "எங்க அய்யாவும் இதே வண்டிதான் வச்சிருந்தாவ அண்ணாச்சி. இதுல போய் நான் வெட்டவா செய்வேன்? நீங்க வண்டிய விட்டுட்டுப் போங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். அய்யா என்று சொல்லும்போது குரலே மாறியது. அந்த ஒரு பேச்சுக்காகத்தான் சாவியைக் கையில் கொடுத்தேன். பத்தாயிரம் அட்வான்ஸ், மிச்சம் வண்டியை எடுக்கும்போது, மொத்தம் 28,500.

வண்டியை எடுக்கப் போனால் முன்கதவு இரண்டிலும் ஸ்பீக்கர். பின்னால் ஒன்றும் இல்லை. என்ன தம்பி இது என்று கேட்டதற்கு, "புது அட்டை போட்டு அதுல மாட்டிருக்கு அண்ணாச்சி, தகரத்துல கையே வைக்கல. உங்க பழைய அட்டை பத்திரமா இருக்கு, நாளைக்குத் தாரேன்" என்றார். பாட்டைச் சத்தமாக வைத்தார். "கண்ணாடிய ஏத்தியே வைங்க, அப்பதான் பேஸ் நல்லா தெரியும்" என்றார். பேஸ் தெரிவதற்காக அவர் அப்படிச் சொல்லவில்லை என்பது முன்னீர்பள்ளம் தாண்டிக் காற்றுக்காகக் கண்ணாடியை இறக்கும்போது தெரிந்தது. பாதியில் டக்கென்று நின்றுவிட்டது. கைப்பிடி அதற்கு மேல் சுற்றவில்லை. இறங்குகிற கண்ணாடி ஸ்பீக்கரின் காந்தத்தில் போய் இடிக்கிறது! ஏற்றி வைத்திருந்தால் இது எப்படித் தெரியும்?

வீரவநல்லூர் வருவதற்குள் வயர் கருகுகிற வாடை. பேட்டரியைக் கழற்றிவிட்டு, தெரிந்த எலக்ட்ரீஷியன் அண்ணாச்சியை வரவழைத்தேன். பேட்டரியில் இருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் வயரில் ஃபியூஸ் கிடையாது. எஞ்சின் பக்கத்தில் இருந்து உள்ளே வருகிற இடத்தில் தகரத்தைத் துளைத்து, ரப்பர் புஷ்கூட போடாமல் விட்டிருக்கிறான். தகர விளிம்பு உரசி உரசி வயர் தோல் உரிந்து செம்பு தெரிந்தது. இன்னும் கொஞ்ச தூரம் ஓடியிருந்தால் வண்டியே பிடித்து எரிந்திருக்கும் என்றார் அவர். உள்ளே என் மனைவியும் பிள்ளைகளும் இருந்தார்கள்.

அப்புறம் கதவு அட்டையைக் கழற்றினோம். தகரத்தில் வட்டமாக அறுத்த வெட்டு, விளிம்பு தேங்காய்த் துருவி மாதிரி பல்லுப் பல்லாக நிற்கிறது. ஒரு சொட்டு பெயின்ட் இல்லை, இந்த மழைக்கே துருப் பிடிக்கும். கண்ணாடி வழியே கதவுக்குள் வடிகிற தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கிற பாலிதீன் தாளையும் கிழித்துப் போட்டிருக்கிறான். அந்தத் தண்ணீர் நேராக ஸ்பீக்கர் முதுகில்தான் விழும். ஸ்பீக்கராவது நல்லதா? காந்தத்தில் ஒட்டியிருந்த பேர் பெற்ற கம்பெனி ஸ்டிக்கர் நகத்தால் கீறியதும் வந்துவிட்டது, அடியில் வேறு பெயர். இதற்கா 28,500?

போன் போட்டால், "பையன் லீவு அண்ணாச்சி, திங்கக்கெழம வாங்க." திங்கட்கிழமை போனால், "முதலாளி மதுரைக்குப் போயிருக்காவ." பழைய அட்டையைக் கேட்டால், "குப்பையோட போயிருக்கும், தேடிப் பாக்கேன்." 1978இல் இருந்து கதவில் இருந்த அட்டை அது! பணத்தைத் திருப்பிக் கேட்டபோது அவர் சொன்னதுதான் நெஞ்சில் தைத்தது. "பழைய வண்டின்னா அப்படித்தாம் இருக்கும். ஏதுக்குக் கெடந்து பேசுதீங்க? பில்லு இருக்கா?" எனக்குக் கொடுத்தது வெறும் எஸ்டிமேட் சீட்டு. பில்லை ஆடிட்டரிடம் போட்டுவிட்டு அனுப்புகிறேன் என்று சொன்னவரும் அவரேதான். அதற்குப் பிறகு வாட்ஸப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை.

பத்மினி கதவு இனிமேல் எங்கே கிடைக்கும்? மும்பையில் கடைசி பத்மினி டாக்சியே 2023 அக்டோபரோடு ஓய்ந்துவிட்டது. பழைய இரும்புக் கடைகளில்தான் தேட வேண்டும். அப்பா வண்டியைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், கை நடுங்குகிறது. இவ்வளவுதான்: வெட்டக்கூடாது என்பதைக் கடைச்சீட்டில் எழுதி வாங்குங்கள். வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். பேட்டரியை ஒட்டி ஃபியூஸ் இருக்கிறதா என்று பானெட்டைத் திறந்து பாருங்கள். எல்லாக் கண்ணாடியையும் முழுக்க இறக்கிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பெட்டியில் 500 வாட்ஸ் என்று போட்டிருந்தால் நம்பாதீர்கள், ஆர்.எம்.எஸ்., அதாவது தொடர்ந்து தாங்கும் நிஜமான வாட்ஸ், எத்தனை என்று கேளுங்கள். பேட்டரியை சார்ஜ் செய்ய ஆல்டர்னேட்டருக்குப் பதில் பழைய டைனமோ இருக்கும் வண்டி என்றால், எஞ்சின் ஐடிலில் நிற்கும்போது சார்ஜ் ஏறாது. பெரிய ஆம்ப்ளிஃபயர் போட்டால் டிராஃபிக்கிலேயே பேட்டரி இறங்கிவிடும். ஜிஎஸ்டி பில் இல்லாமல் மிச்சப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915. ஐந்து லட்சம் வரைக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது. கதவு போட்டோ, ஸ்டிக்கர் போட்டோ, ஜிபே ரசீது எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். 28,500 ரூபாயையும் இரண்டு கதவுக்கு உண்டான செலவையும் சேர்த்தே கேட்கப் போகிறேன். 1978 பத்மினியின் முன்கதவோ கதவு அட்டையோ யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், விலை கொடுத்து எடுத்துக்கொள்கிறேன்.