லேப்டாப் சர்வீஸ் கடையில் 5,850 ரூபாய் போச்சு, கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

5,850 ரூபாய். ஒரு பட்டனை ஆஃப் செய்தால் தீர்ந்திருக்கும் கோளாறுக்கு என்னிடம் கறந்த தொகை இது. கடையின் பெயரைப் போடவில்லை, புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு பக்கம் ஓடட்டும். மதுரையில் ‘எல்லா கம்பெனி லேப்டாப்பும் பார்க்கப்படும்’ என்று போர்டு வைத்த ஒரு சர்வீஸ் கடை, அவ்வளவுதான் சொல்வேன்.

கோளாறு இதுதான். லேப்டாப்பைத் திறந்து குரோமில் எந்தப் பக்கத்துக்குப் போனாலும் அரை நிமிடம் வெள்ளைத் திரை. மேலே வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்புறம் திடீரென்று பக்கம் வந்து விழும். அதற்குப் பிறகு ஒரு குறையும் இல்லை, வீடியோகூட நிற்காமல் ஓடும். பிரவுசரை மூடிவிட்டுத் திறந்தால் மறுபடி அதே அரை நிமிடம். அதே வைஃபையில் போன் பறக்கிறது. எட்ஜில் பார்த்தேன், ஃபயர்பாக்ஸ் போட்டுப் பார்த்தேன், குக்கீ, கேஷ் எல்லாம் அழித்தேன். ஒன்றும் அசையவில்லை. மகளுக்கு ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் போட வேண்டிய நேரம், சரி என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

அந்த ஓனர் பேசியதை எழுதியே ஆக வேண்டும். டீ வரவழைத்தார். என் கண் முன்னாலேயே பின்மூடியைக் கழற்றி, கட்டைவிரல் அகலத்தில் இருந்த ஒரு சின்னக் கார்டை ஸ்க்ரூடிரைவர் முனையால் தட்டிக் காட்டினார். “இதுதான் சார் வைஃபை கார்டு. வீக் ஆயிருச்சு. நெட்டைப் புடிக்கவே நேரம் எடுக்குது, அதான் ஆரம்பத்துல நிக்குது.” சிக்னல் முழுசாகக் காட்டுகிறதே என்று கேட்டேன். “அது காட்டும் சார், உள்ள புடிக்காது.” அடுத்துச் சொன்னதுதான் ஆளைச் சாய்த்தது: “மதர்போர்டு போச்சுன்னு சொல்லி உங்ககிட்ட இருபதாயிரம் வாங்கலாம் சார். நமக்கு அந்தப் பொழப்பு வேண்டாம்.” இப்படிப் பேசுகிறவரை யார் சந்தேகப்படுவார்கள்?

கார்டுக்கு 2,400, ஃபார்மட் அடித்துப் புது விண்டோஸ் போட 1,500, ஒரு வருட ஆன்டிவைரஸ் 1,950. மொத்தம் 5,850 ரூபாய்.

எடுக்கப் போனபோது பிரவுசர் ஏற்கெனவே திறந்தே இருந்தது. “பாருங்க சார், பட்டு பட்டுனு வருது” என்று நாலு பக்கங்களைத் தட்டிக் காட்டினார். வந்தது. ஜிபேயில் பணம் போட்டேன். பில் கேட்டதற்கு, “ஜிஎஸ்டி பில்னா 18 பர்சன்ட் சேர்த்துத் தரணும் சார், எதுக்கு உங்களுக்குச் செலவு” என்று எஸ்டிமேட் என்று அச்சடித்த துண்டுச் சீட்டில் தொகையைக் கிறுக்கிக் கொடுத்தார். பழைய கார்டைக் கேட்டேன். ஸ்கிராப்பில் போட்டாச்சாம்.

வீட்டுக்கு வந்து திறந்தால் அதே வெள்ளைத் திரை. அதே அரை நிமிடம்.

போன் செய்தேன். “உங்க வீட்டு நெட்டு ஸ்லோ சார், கேபிள்காரர்கிட்ட சொல்லுங்க.” போன் மட்டும் எப்படி ஓடுகிறது என்றால், “போன் வேற சார், லேப்டாப் வேற.” அடுத்த முறை அண்ணன் பேங்க்குக்குப் போயிருக்கிறார். அதற்கடுத்து அண்ணன் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் ஒழுங்காக வந்தது. நேரில் போய் நின்றால் டெஸ்க்கில் இருந்த பையன் தலையைத் தூக்காமலே சொல்கிறான்: “டெலிவரி எடுத்ததுக்கு அப்புறம் சாஃப்ட்வேர் பிராப்ளத்துக்கு நாங்க பொறுப்பில்ல சார்.” ஹார்டுவேர் என்று சொல்லித்தானே 2,400 வாங்கினீர்கள்?

கடைசியில் கண்டுபிடித்தது பாலிடெக்னிக் படிக்கும் என் அக்கா மகன். “மாமா, மேல வட்டத்தைப் பார்க்காதீங்க, கீழ இடது ஓரத்தைப் பாருங்க” என்றான். பொடி எழுத்தில் ‘டவுன்லோடிங் ப்ராக்ஸி ஸ்கிரிப்ட்’ என்று வந்து அரை நிமிடம் அப்படியே நின்றது. ப்ராக்ஸி என்றால் நமக்கும் நெட்டுக்கும் நடுவில் நிற்கும் சர்வர்; எந்தப் பக்கத்துக்கு எந்த வழியாகப் போவது என்று பிரவுசருக்குச் சொல்லும் ஃபைல்தான் அந்த ஸ்கிரிப்ட். விண்டோஸ் செட்டிங்ஸில் நெட்வொர்க், அதற்குள் ப்ராக்ஸி, அங்கே ‘யூஸ் செட்டப் ஸ்கிரிப்ட்’ ஆனில் இருந்தது. பக்கத்தில் 10 என்று தொடங்கும் ஒரு முகவரி. 2020 கொரோனாவில் வீட்டிலிருந்து வேலை பார்த்தபோது எங்கள் பழைய ஆபீஸ் ஐடி ஆள் போட்டுக் கொடுத்தது. அந்த வேலையை விட்டாச்சு, அந்த சர்வருக்கு இங்கிருந்து வழியும் இல்லை. ஆனாலும் பிரவுசர் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் முதலில் அந்த ஸ்கிரிப்டைத் தேடிப் போகிறது, பதில் வரும் வரை காத்திருக்கிறது, வராது என்று தெரிந்த பிறகுதான் நேர்வழியில் பக்கத்தைக் கொண்டுவருகிறது. மூன்று பிரவுசரும் விண்டோஸின் அந்த ஒரே செட்டிங்கைப் பார்ப்பதால்தான் மூன்றும் நின்றன. ஏற்கெனவே திறந்து வைத்த பிரவுசரில் கடைக்காரர் காட்டியபோது நிற்காததும் அதனால்தான். ஆஃப் செய்தான். குரோமை மூடித் திறந்தோம். கண்ணிமைக்கும் நேரத்தில் பக்கம்.

சந்தோஷப்படுவதற்குள் அவனே கேட்டான்: “ஃபார்மட் பண்ணியிருந்தா இந்த அட்ரஸ் எப்படி மாமா இங்க இருக்கும்?”

செட்டிங்ஸில் சிஸ்டம், அபௌட் என்று போனால் விண்டோஸ் நிறுவிய தேதி, அல்லது கடைசியாகப் பெரிய அப்டேட் ஏறிய தேதி இருக்கும். போன வருடத் தேதி! என் ஃபைல்கள் எல்லாம் அப்படியே இருந்தபோது, பேக்கப் எடுத்துத் திரும்பப் போட்டோம் என்று சொல்லியிருந்தார்கள். சுத்தப் பொய். வைஃபை கார்டுக்கு என்று தனியாக ஒரு ஃபிஸிக்கல் அட்ரஸ் உண்டு, கார்டு மாறினால் அதுவும் மாறும். அந்த அட்ரஸ் தெரிகிற மாதிரி 2020-இல் ஐடி ஆளுக்கு அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் என் போனில் இன்னும் இருக்கிறது. எழுத்துக்கு எழுத்து அதே எண். கார்டும் மாற்றவில்லை. ஒரு வருட ஆன்டிவைரஸ்? 30 நாள் இலவச ட்ரையல்.

ஆக, 5,850 ரூபாய்க்கு அவர்கள் செய்த வேலை, மூடியைக் கழற்றி மாட்டியது மட்டும்தான்.

இதையெல்லாம் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன். ஓனர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. “பசங்க மாத்த மறந்திருப்பானுங்க சார். அடுத்த சர்வீஸ்ல 500 கழிச்சுக்கலாம்.” அடுத்த சர்வீஸாம்! டீ வேறு சொல்லட்டுமா என்று கேட்டார்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்துவிட்டேன். அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இந்த மாதிரிச் சின்னத் தொகைக்கு அங்கே கட்டணம் கிடையாது. பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. அந்தத் துண்டுச் சீட்டையும் ஜிபே ரசீதையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. பக்கம் நின்றால் கீழ் ஓரத்து எழுத்தைப் படியுங்கள். ப்ராக்ஸி என்று வந்தால் மேலே சொன்ன இடம். ‘ரிசால்விங் ஹோஸ்ட்’ என்று நின்றால் டிஎன்எஸ் சிக்கல், அதாவது தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சர்வரில் கோளாறு; நெட்வொர்க் செட்டிங்ஸில் டிஎன்எஸ் என்ற இடத்தில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 போட்டுப் பாருங்கள். ஆபீஸ் லேப்டாப் என்றால் ஐடி ஆளைக் கேட்காமல் எதையும் தொடாதீர்கள். கடைக்குக் கொடுத்தே ஆக வேண்டுமா, கழற்றிய பார்ட்டை கையில் வாங்குங்கள், பிரவுசரை நீங்களே மூடித் திறந்து பாருங்கள், அபௌட்டில் தேதி பாருங்கள். பில் கைக்கு வராமல் பணத்தைப் போடாதீர்கள்.