ரீரெக்கார்டிங் (பின்னணி இசை) வாய்ப்பு என்று நம்பி 68,500 ரூபாயை இழந்துவிட்டேன்: மும்பையில் இருக்கும் நம் இசைக்காரர்கள் கட்டாயம் படியுங்கள்

நேற்று மாலை அந்தேரிக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினேன். இரவு முழுக்கத் தூக்கம் இல்லை. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால், "போனது போகட்டும்" என்று நானும் எல்லோரையும் போல வாயை மூடிக்கொள்வேன். என்னை ஏமாற்றிய ஆள் அடுத்தவருக்குப் போன் செய்வான்.

68,500 ரூபாய். பக்கத்து வீட்டு அக்கா நடத்தும் சீட்டில் நான் எடுத்த 50,000. கீபோர்டு வகுப்புக்கு வரும் பிள்ளைகளின் கட்டணத்தில் மிச்சம் பிடித்த 18,500. சயான் கோலிவாடாவில் எங்கள் வீட்டுக்கு மூன்று மாத வாடகைக்கும் மேல்.

நான் 17 ஆண்டுகளாக இந்த ஊரில் நாடகங்களுக்கும் குறும்படங்களுக்கும் இசையமைக்கிறேன். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தமிழ் நாடகம் போடுகிறவர்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். மராத்தி நாடகக் குழுக்களுக்கும் வாசித்திருக்கிறேன். ஒரு நாடகத்துக்கு ஒன்றரை மாதம் ஒத்திகையில் உட்கார வேண்டும். நடிகர் கதவைத் திறக்க எத்தனை நொடி எடுக்கிறார், எந்த வசனத்தில் குரல் தாழ்கிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் இசை பிறக்கும். அதற்குக் கையில் கிடைப்பது எட்டாயிரம், பத்தாயிரம். மூன்று காட்சிகளோடு நாடகம் நின்றுவிட்டால் அந்த மெட்டும் அதோடு போயிற்று. திரைப்படம் அப்படி இல்லை. ஒருமுறை செய்தால் நிற்கும், ராயல்டி வரும், பெயர் போடுவார்கள். அதனால்தான் எங்களைப் போன்றவர்களுக்கு "படம்" என்ற சொல்லைக் கேட்டதும் காது நிமிர்கிறது.

இந்த ஊர் இசைக்காரனை எப்படி வைத்திருக்கிறது என்பதற்கு வெளியே போய்த் தேட வேண்டாம். இந்திப் பட இயக்குநர் ஷியாம் பெனகலின் படங்களுக்கு இசையமைத்த வன்ராஜ் பாட்டியா லண்டன் ராயல் அகாடமியில் படித்தவர். விளம்பரத்துக்கும் மேடைக்கும் திரைக்கும் எழுதியவர். 2012இல் பத்மஸ்ரீ பெற்றவர். அவருடைய வங்கிக் கணக்கில் பணமே இல்லை என்று 2019இல் செய்தித்தாளில் படித்தோம். அவருக்கே அந்த நிலை என்றால் எனக்கு எது என்ற பயம் அன்றிலிருந்து எனக்குள் கிடக்கிறது. அந்தப் பயத்தைத்தான் அவன் பிடித்தான்.

நடந்தது இது. இசையமைப்பாளர்களையும் படம் எடுக்கிறவர்களையும் இணைத்துவைக்கும் இணையத்தளம் ஒன்று. பெயரைச் சொல்லவில்லை. வக்கீல் நோட்டீசுக்குப் பதில் எழுத என்னிடம் காசு இல்லை. அதில் இலவசமாகப் பதிவு செய்து, என்னைப் பற்றிய குறிப்பும் ஆறு மாதிரி இசைத்துண்டுகளும் ஏற்றி வைத்திருந்தேன். போன மாதம் 3ஆம் தேதி, தளத்தின் செய்திப்பெட்டியிலேயே ஒரு வேலை அழைப்பு வந்தது. அனுப்பியவர் பெயருக்குப் பக்கத்தில் "சரிபார்க்கப்பட்டவர்" என்ற அடையாளம். எட்டுப் பகுதி இணையத் தொடர், முழு ரீரெக்கார்டிங், சம்பளம் நாலரை லட்சம். அரை மணி நேரத்தில் போன் வந்தது.

"அண்ணா, வணக்கம்" என்று தமிழில் தொடங்கினான். சொந்த ஊர் நாங்குநேரிப் பக்கம் என்றான். என் அப்பத்தா ஊரும் அந்தப் பக்கம்தான். பிறகு அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "உங்கள் நாடகத்தில் மகன் இறந்த காட்சியில் பறையைச் சட்டென்று நிறுத்திவிட்டு, ஒப்பாரி தொடங்கும் முன் ஒரு மூச்சு நேரம் எதுவுமே இல்லாமல் விட்டிருக்கிறீர்கள். அந்த மௌனத்துக்காகவே எங்கள் இயக்குநர் உங்களைத்தான் வேண்டும் என்கிறார்."

17 ஆண்டுகளில் என் மெட்டைப் பாராட்டியவர்கள் உண்டு. அந்த மௌனத்தைப் பற்றி ஒருவரும் பேசியதில்லை. அந்த ஒப்பாரி என் அப்பத்தா பாடியது. அவள் பாடுவதற்கு முன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வாள், அதைத்தான் நான் மேடையில் வைத்தேன். இதைக் கேட்ட ஒருவன் இந்த ஊரில் இருக்கிறான் என்று நினைத்து, போனைக் கையில் பிடித்தபடி பால்கனியில் நின்று அழுதேன். அந்த நிமிடத்தில் 68,500 என்ன, இன்னும் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

மறுநாள் நாலு நிமிடக் காட்சி ஒன்றை அனுப்பினான். திரையின் மூலையில் நேரக்குறியீடு ஓடியது. படம் நொடிக்கு 24 பிரேம், இசை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனி டிராக்காக வேண்டும் என்று குறிப்பும் இருந்தது. தொழில் தெரிந்தவன் கேட்கும் விதத்தில்தான் எல்லாவற்றையும் கேட்டான். பிறகு பணம். முதலில் "வேலையைப் பாதியில் விட்டுப் போகாமல் இருக்க" திருப்பித் தரப்படும் வைப்புத்தொகை 45,000. 9ஆம் தேதி, மிக்ஸிங் கூடத்தை முன்பதிவு செய்ய என் பங்கு 16,000. 14ஆம் தேதி, தொடரின் மைய இசையை என் பெயரில் பதிப்புரிமைப் பதிவு செய்ய 7,500. "எல்லாம் முன்பணத்தோடு சேர்ந்து வந்துவிடும் அண்ணா. 20ஆம் தேதி 1,35,000 உங்கள் கணக்கில் இருக்கும்." மூன்று முறையும் நானேதான் போனில் ரகசிய எண்ணைப் போட்டு அனுப்பினேன்.

நடுவில் ஒன்பது இரவுகள் உட்கார்ந்து ஆறு டிராக்குகளை முடித்தேன். மகளுக்குத் தேர்வு என்பதால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சமையலறையில் வேலை செய்தேன். என் மனைவி ஒரே ஒரு முறை கேட்டாள்: "ஏங்க, வேலை கொடுக்கிறவர்கள்தானே பணம் தருவார்கள்? நீங்கள் எதற்குக் கொடுக்கிறீர்கள்?" பெரிய படங்களில் இப்படித்தான் என்று அவளிடம் சொன்னேன். அவள் கேட்டதுதான் சரி. அதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

20ஆம் தேதி பணம் வரவில்லை. "இன்று வங்கி விடுமுறை அண்ணா" என்றான். அன்று விடுமுறை இல்லை. 21ஆம் தேதி, கணக்குப் பிரிவில் ஒரு கையெழுத்து பாக்கி. 22ஆம் தேதி தயாரிப்பாளர் வெளிநாட்டில். 24ஆம் தேதி பேசியபோது "அண்ணா" போய் "சார்" வந்தது. அந்தச் சொல் மாறியதுமே எனக்கு அடிவயிறு கலங்கியது. அதன்பிறகு அவன் எடுக்கவே இல்லை.

தளத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். புகார் எண் கொடுத்தார்கள், 72 மணி நேரம் பொறுக்கச் சொன்னார்கள். நாலாவது நாள் பார்த்தால் "தீர்வு காணப்பட்டது" என்று போட்டுப் புகாரை மூடியிருந்தார்கள். என்ன தீர்வு? யாருக்குத் தீர்வு? மறுபடியும் எழுதினேன், மறுபடியும் 72 மணி நேரம். போனில் கிடைத்த பெண் மிகவும் மரியாதையாக இந்தியில் பேசினார். தளம் இருவரை அறிமுகப்படுத்துவதோடு சரி, வெளியே நடக்கும் பணப் பரிமாற்றத்துக்குப் பொறுப்பில்லை, விதிமுறைகளில் அப்படித்தான் இருக்கிறது என்றார். அப்படியானால் "சரிபார்க்கப்பட்டவர்" என்று ஏன் போட்டீர்கள் என்று கேட்டேன். அவருடைய மின்னஞ்சல் முகவரி சரிபார்க்கப்பட்டது என்பதுதான் அதன் பொருளாம். மின்னஞ்சல் முகவரி! அந்த அடையாளத்தை நம்பித்தானே என் 68,500 போயிற்று?

வங்கியில் "நீங்களே அனுப்பிய பணம்தானே" என்றார்கள். இணைய மோசடிப் புகாருக்கான அரசு உதவி எண் 1930க்குப் போன் செய்தேன், புகார் பதிவானது. பணம் போன அன்றே சொல்லியிருந்தால் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க வாய்ப்பு இருந்திருக்கும் என்றார்கள். நான் கடைசித் தொகையை அனுப்பி 19 நாள் ஆகியிருந்தது. அத்தனை நாள் அவனை "தம்பி, தம்பி" என்று கெஞ்சிக்கொண்டிருந்தேனே.

நேற்று ஜி.டி.பி. நகரில் ரயிலேறி, வடாலாவில் மாறி, நான் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் இருந்த அந்தேரி மேற்கு முகவரிக்குப் போனேன். நாலாவது மாடி. நாற்காலியை மாத வாடகைக்கு விடும் பொது அலுவலகம் அது. வரவேற்பில் இருந்த பெண் தண்ணீர் கொடுத்தார். அந்தப் பெயருக்குத் தபால் மட்டும் வரும், ஆட்கள் யாரும் வந்து பார்த்ததில்லை என்றார். அந்த வரவேற்பறையில் என்னைப் போலவே ஒரு பையை மடியில் வைத்துக்கொண்டு இன்னொருவர் உட்கார்ந்திருந்தார். அவர் போஜ்புரிப் பாடல்களுக்கு டோலக் வாசிக்கிறவராம். அவருக்கு 31,000.

திரும்பி வந்து இரவு இரண்டு மணிக்கு, தளத்தில் நான் எழுதிய என் குறிப்பையே திறந்து படித்தேன். மூன்றாவது பத்தியில் இருக்கிறது: "ஒப்பாரிக்கு முன் பறையை நிறுத்தி ஒரு மூச்சு மௌனம் விட்டிருக்கிறேன்." நான் எழுதியதைத்தான் அவன் எனக்கே படித்துக் காட்டியிருக்கிறான். நாடகத்தை அவன் கேட்கவே இல்லை. அனுப்பிய நாலு நிமிடக் காட்சியும் ஏற்கெனவே இணையத்தில் கிடக்கும் ஒரு மாணவர் குறும்படத்தின் துண்டு. பணம் போனதைவிட இது வலிக்கிறது.

இன்னொரு கவலையும் இருக்கிறது. ஆறு டிராக்கும் வாத்தியம் வாத்தியமாகப் பிரித்து அவனிடம் இருக்கின்றன. எல்லா உரிமைகளையும் நிரந்தரமாக, உலகம் முழுவதற்கும் தருகிறேன் என்ற தாளில் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். அப்பத்தாவின் ஒப்பாரியும் அதில் ஒரு டிராக். இசை வழக்குகள் தெரிந்த ஒருவரிடம் இன்று காலையே பேசினேன். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் திருத்தம் வந்திருக்கிறது. படத்துக்கு இசையமைத்தவன், திரையரங்கில் அந்தப் படத்தோடு ஒலிப்பது தவிர மற்றப் பயன்பாடுகளுக்கு வரும் ராயல்டியில் சம பங்கு பெறும் உரிமையை, வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அல்லாமல் வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. எழுதிக்கொடுத்தாலும் அது செல்லாது. 17 ஆண்டு இந்தத் தொழிலில் இருக்கிறேன், இதை இன்றுதான் ஒருவர் எனக்கு விளக்கிச் சொன்னார். நாம் ராகம் கற்றுக்கொள்கிறோம், மென்பொருள் கற்றுக்கொள்கிறோம், நம் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பதில்லை. இசையமைப்பாளர்களுக்கும் பாடலாசிரியர்களுக்குமான ஐ.பி.ஆர்.எஸ். சங்கம் 1969இலிருந்து இதே மும்பையில் இருக்கிறது. நான் உறுப்பினர் இல்லை. இந்த வாரமே விண்ணப்பிக்கிறேன்.

அந்தப் பதிப்புரிமைப் பதிவு பற்றியும் சொல்கிறேன். ஒரு இசைப் படைப்பைப் பதிவு செய்ய அரசுக் கட்டணம் 500 ரூபாய். என்னிடம் வாங்கியது 7,500. பதிவே செய்யாவிட்டாலும் நாம் எழுதிய இசைக்கு உரிமை நம்முடையதுதான்.

என்னென்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், மனம் நிலைகொள்ளவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். படத்துறையில் முன்பணம் நம்மிடம் வரும், நம்மிடமிருந்து போகாது. வைப்புத்தொகை, முன்பதிவு, பதிவுக் கட்டணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் கொடுக்காதீர்கள். நீங்கள் கட்ட வேண்டிய வரியையும் சம்பளம் கொடுக்கிறவர்தான் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார். பணம் கைக்கு வரும்வரை டிராக்குகளைப் பிரித்து அனுப்பாதீர்கள், ஒன்றாகக் கலந்த பிரதி போதும். ஏமாந்தது தெரிந்த அந்த மணி நேரத்திலேயே 1930க்குச் சொல்லுங்கள், என்னைப் போலக் காத்திருக்காதீர்கள்.

தமிழில், நாங்குநேரிப் பேச்சில், முப்பது வயது மதிக்கத்தக்க குரல். உங்கள் இசையைப் பற்றி நீங்கள் எங்கேயோ எழுதி வைத்ததையே சொல்லிப் பாராட்டுவான். எந்த அரங்கில், எந்த நாளில், எந்த வரிசையில் உட்கார்ந்து கேட்டாய் என்று கேளுங்கள்.