செக்யூர் பூட் சாவிகளைப் பார்க்க எத்தனை வாசல்கள்?

சென்ற மாதம் இரணியலிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தக்கலையில் நான் நடத்தும் பழுதுபார்ப்புக் கடைக்கு மடிக்கணினியோடு வந்தார். பழுது எதுவும் இல்லை. அதில் விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. “தம்பி, 2011-ம் ஆண்டுச் சான்றிதழ்கள் 2026-ல் காலாவதியாகின்றனவாமே, புதியது இதில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்வீர்களா?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. கணினி துவங்கும்போது, நம்பகமான கையொப்பம் உள்ள நிரலை மட்டுமே ஓடவிடும் காவல்தான் செக்யூர் பூட். யாருடைய கையொப்பத்தை நம்புவது என்று அதற்குச் சொல்பவை இந்தச் சான்றிதழ்கள். மைக்ரோசாஃப்ட்டின் 2011 சான்றிதழ்களில் இரண்டுக்கு 2026 ஜூனோடும், விண்டோஸ் துவக்க நிரலுக்குக் கையொப்பமிடும் ஒன்றுக்கு அந்த ஆண்டு அக்டோபரோடும் ஆயுள் முடிகிறது. அன்றைக்கே கணினி நின்றுவிடாது. ஆனால் 2023 சான்றிதழ்கள் ஏறாத கணினிக்குத் துவக்க நிலைப் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்து சேராது. எனவே தன் கணினிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கும் தேவை இப்போது எல்லோருக்கும் வந்துவிட்டது. அதை ஒவ்வோர் அமைப்பும் எப்படிக் காட்டுகிறது என்பதை அவருடைய கேள்வியை வைத்தே எடைபோடுகிறேன்.

முதலில், இந்தச் சான்றிதழ்கள் இருக்கும் சாவிப் பட்டியல்களின் வரிசை. எல்லாவற்றுக்கும் மேலே பிகே. அது பெரும்பாலும் கணினியைத் தயாரித்த நிறுவனத்தின் கையில். அதன் கீழே கேஇகே. அதற்கும் கீழே, எந்த நிரல் துவங்கலாம் என்று சொல்லும் டிபியும், எது துவங்கவே கூடாது என்று சொல்லும் டிபிஎக்ஸும். டிபியை மாற்ற வேண்டுமானால் கேஇகே கையொப்பம் வேண்டும். கேஇகேவை மாற்ற பிகே கையொப்பம் வேண்டும். எங்கள் ஊரில் இதை விளக்குவது எளிது. பத்மநாபபுரம் அரண்மனை நிற்பது தமிழ்நாட்டில். பராமரிப்பது கேரள அரசின் தொல்லியல் துறை. டிக்கெட் எடுத்து யாரும் உள்ளே போய்ப் பார்க்கலாம். கூரையில் ஓர் ஓடு மாற்றுவதென்றால் சொல் திருவனந்தபுரத்திலிருந்து வரவேண்டும். பார்ப்பதும் மாற்றுவதும் வேறு வேறு உரிமைகள். நல்ல இடைமுகம் என்றால் இந்த வேறுபாடு அதன் வடிவத்திலேயே தெரிய வேண்டும் என்பது என் கட்சி.

இயங்குதளத்துக்கு முன்பே ஓடும் உள்ளமை நிரலான ஃபர்ம்வேரின் சொந்த அமைப்புத் திரையை முதலில் திறந்தேன். ஆசிரியருக்கு அது உதவவில்லை. செக்யூர் பூட் இயங்குகிறது என்றது. சாவிகள் எத்தனை, அளவு என்ன, தொழிற்சாலையில் ஏற்றியவையா என்று ஒரு பட்டியல் காட்டியது. சான்றிதழின் பெயர் எங்கும் இல்லை.

அடுத்து விண்டோஸ். செக்யூர் பூட் இயங்குகிறதா என்பதை மட்டும் அறிய, சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திரையைத் திறந்தால் போதும். சாதாரணப் பயனருக்கும் அது தெரியும். டிபிக்குள் இருப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் பவர்ஷெல் என்ற கட்டளைச் சாளரத்தை நிர்வாகி உரிமையோடு திறந்து, கெட்-செக்யூர்பூட்யூஇஎஃப்ஐ என்ற கட்டளையைக் கொடுக்க வேண்டும். விண்டோஸ் 8 காலத்திலிருந்து இருக்கும் வழி இது. கைக்குக் கிடைப்பதோ வெறும் பைட்டுகளின் வரிசை. அதை எழுத்துகளாக மாற்றி, ‘விண்டோஸ் யூஇஎஃப்ஐ சிஏ 2023’ என்ற பெயர் உள்ளே இருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கிறது. அன்று தேடினோம், பெயர் இருந்தது. ஆனால் ஒரு பொதுச் சான்றிதழின் பெயரைப் படிக்க நிர்வாகி உரிமை எதற்கு? அந்தச் சான்றிதழில் இரகசியம் எதுவும் இல்லை. கையொப்பமிடும் இரகசியச் சாவி கணினிக்குள் வருவதே கிடையாது. கல்லூரி ஆய்வகத்தில் அமர்ந்திருக்கும் மாணவி தன் முன்னால் உள்ள கணினி எதை நம்புகிறது என்று பார்க்க முடியாமல் போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

லினக்ஸ் வேறு வழியில் போனது. அதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் ஒவ்வொரு மாறிக்கும், அதாவது டிபி, கேஇகே போல ஃபர்ம்வேர் பெயரிட்டுச் சேமித்திருக்கும் ஒவ்வொரு தகவலுக்கும், ஒரு கோப்பகம், அதற்குள் அளவுக்கு ஒரு கோப்பு, தரவுக்கு ஒரு கோப்பு என்று இருந்தது. அந்த ஏற்பாடு 1024 பைட்டுக்கு மேல் ஏற்காது. ஒரு சான்றிதழே அதைத் தாண்டிவிடும் என்பதால் செக்யூர் பூட்டுக்கு அது பயன்படவில்லை. 2013 பிப்ரவரியில் வெளியான 3.8 கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) ஈஎஃப்ஐவார்எஃப்எஸ் என்ற தனிக் கோப்பு முறைமை வந்தது. இதில் ஒரு மாறி என்றால் ஒரு கோப்பு. முதல் நான்கு பைட்டுகள் அந்த மாறியின் பண்புகள், மீதி தரவு. செக்யூர் பூட் இயங்குகிறதா என்று சொல்லும் கோப்பு மொத்தமே ஐந்து பைட்டுதான்: முதலில் 6, பிறகு மூன்று சுழியங்கள், கடைசியில் 1. அந்த 1 தான் ‘ஆம்’. முதன்முதலில் அதை என் கண்ணால் பார்த்த நாளில் இத்தனை எளிமையா என்று மகிழ்ந்தேன். இன்றும் அந்த மகிழ்ச்சி குறையவில்லை. மோக்யூடில் என்ற கருவியிடம் டிபியைக் காட்டச் சொன்னதும், ஆசிரியர் கேட்ட பெயரும் காலாவதித் தேதியும் ரூட் (லினக்ஸின் நிர்வாகி) உரிமை இல்லாமலே திரையில் வந்துவிட்டன. கேஇகேவையும் அதே கையோடு பார்த்தோம்.

கோப்பாகக் காட்டுவதில் ஒரு பெரிய ஆபத்தும் உண்டு. கோப்பு என்றால் அழிக்கவும் முடியும். 2016-ன் தொடக்கத்தில், ரூட் உரிமையோடு எல்லாக் கோப்புகளையும் அழிக்கும் கட்டளையைக் கொடுத்த ஒருவரின் மடிக்கணினி மீண்டும் எழவே இல்லை. வட்டோடு சேர்த்து ஃபர்ம்வேர் மாறிகளும் போய்விட்டன. டிபி, கேஇகே போன்றவற்றைக் கையொப்பம் இல்லாமல் அழிக்க ஃபர்ம்வேர் விடாது. அந்தக் காவல் இல்லாத மற்ற மாறிகள் அழிந்ததுதான் வினை. ஃபர்ம்வேர் அதைத் தாங்கியிருக்க வேண்டும் என்பது உண்மை. ஆனாலும் 4.5 கெர்னலிலிருந்து பெரும்பாலான மாறிகள் மீது மாற்றத் தடை போடப்பட்டது. எழுதுவதற்கு முன் அந்தத் தடையை வேண்டுமென்றே நீக்க வேண்டும். சரியான முடிவு. ஆனால் வீட்டைக் கட்டிக் குடிபுகுந்த பிறகு வைத்த தாழ்ப்பாள் அது.

அந்தத் தாழ்ப்பாளை முதலிலேயே யோசித்த வடிவம் ஒன்றும் இருக்கிறது. ஐபிஎம் பவர் சேவையகங்களுக்காக லினக்ஸில் பின்னர் சேர்க்கப்பட்ட செக்வார் இடைமுகம் அது. அங்கே ஒவ்வொரு மாறிக்கும் படிக்க மட்டும் ஒரு கோப்பு, எழுத மட்டும் அப்டேட் என்ற இன்னொரு கோப்பு. படிப்பது எல்லோருக்கும், எழுதுவது ரூட்டுக்கு மட்டும். அப்டேட்டில் போடுவது உடனே மாறியாகிவிடாது, அது விண்ணப்பம். ஓபல் ஃபர்ம்வேர் உள்ள கணினிகளில் அடுத்த துவக்கத்தின்போது ஃபர்ம்வேர் கையொப்பத்தைச் சரிபார்த்து, சரியென்றால்தான் ஏற்கும். அரண்மனையைச் சுற்றிப் பார்க்கும் பாதையும் விண்ணப்பம் போடும் சன்னலும் தனித்தனியாக இருப்பதைப் போன்றது. எனக்குப் பிடித்த வடிவம் இதுதான். இது நம் மடிக்கணினிகளில் இல்லை என்பதே என் வருத்தம்.

ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னோர் இயங்குதளத்தில் ஒரு சாதனக் கோப்பின் வழியாகக் கருவி வேலை செய்கிறது. அதற்கும் ரூட் உரிமை வேண்டும். விண்டோஸுக்குச் சொன்ன அதே குறைதான்.

ஆக, கடையில் நான் என்ன செய்கிறேன்? படிப்பதற்கு லினக்ஸ். விண்டோஸ் மட்டுமே உள்ள கணினி வந்தாலும், லினக்ஸ் உள்ள, கையொப்பமிட்ட லைவ் யுஎஸ்பி ஒன்றிலிருந்து துவக்கி டிபியைப் பார்த்துவிடுகிறேன், வட்டைத் தொடுவதில்லை. மாற்றுவதற்கு அந்தந்த அமைப்பின் அதிகாரபூர்வ வழி: விண்டோஸில் அதன் சொந்த அப்டேட், லினக்ஸில் எஃப்டபிள்யூஅப்டி என்ற ஃபர்ம்வேர் அப்டேட் கருவி. கோப்பில் நேரடியாக எழுதும் வேலையை, வாடிக்கையாளர் கெஞ்சினாலும் செய்வதில்லை. எதையும் தொடுமுன், வட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் மீட்புச் சாவியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்கிறேன். டிபி மாறினால் விண்டோஸ் அதைக் கேட்டு நிற்கக்கூடும்.

ஆசிரியரின் கணினியில் டிபியில் புதியது ஏறியிருந்தது. கேஇகேயில் இன்னும் 2011 மட்டும்தான். அதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, ஃபர்ம்வேர் அப்டேட் வந்ததும் மறுபடி பார்க்கச் சொன்னேன். கட்டளையையும் எழுதித் தரச் சொன்னார். “அடுத்த முறை நானே பார்த்துக்கொள்கிறேன் தம்பி” என்று தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.