உரக்கடையில் வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலை எம்.சி.ஏ.: படித்து முடித்தவளின் மதிப்பீடு

தொலைநிலையில் எம்.சி.ஏ. (கணினிப் பயன்பாட்டு முதுநிலைப் பட்டம்) படித்தால் உண்மையிலேயே மென்பொருள் எழுத வருமா என்று மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கத்துப் பிள்ளைகள் என்னிடம் கேட்கிறார்கள். வரும். ஆனால் பல்கலைக்கழகம் கொடுப்பது பாதிதான். மீதிப் பாதிக்கு, தினமும் கண்முன் நிற்கும் ஒரு நிஜமான வேலை வேண்டும். அது கடையோ, சங்கமோ, பள்ளிக்கூட அலுவலகமோ, எதுவாகவும் இருக்கலாம். அப்படி ஒன்று உங்களிடம் இருந்தால் தயங்காமல் சேருங்கள் என்பதுதான் என் முடிவு. ஏன் என்று சொல்கிறேன்.

நான் பி.எஸ்சி. கணிதம். மன்னார்குடியில் ஓர் உரக்கடையில் பல வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். தஞ்சாவூரிலும் திருச்சியிலும் நேரடியாக எம்.சி.ஏ. படிக்கக் கல்லூரிகள் இருக்கின்றன. பகல் முழுக்கக் கடை, சாயங்காலம் வீடு என்று இருக்கும் எனக்கு அது ஒத்துவரவில்லை. அதனால் தமிழ்நாட்டில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் தொலைநிலையில் சேர்ந்தேன். அதன் பெயரை இங்கே எழுதவில்லை. கட்டணம் செமஸ்டருக்கு என் ஒரு மாதச் சம்பளத்தைவிடச் சற்று அதிகம். அதைக் கட்டியதில் எனக்கு வருத்தம் இல்லை.

முதலில் விதிமுறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எம்.சி.ஏ. முன்பு மூன்று வருடம். தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. 2020-21 கல்வியாண்டிலிருந்து அதை இரண்டு வருடமாக்கியது. பி.சி.ஏ. அல்லது கணினி அறிவியல் படித்திருக்கத் தேவையில்லை. பிளஸ் டூவிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் படித்த பி.ஏ., பி.காம்., பி.எஸ்சி. பட்டதாரிகளும் சேரலாம், கூடுதலாக இணைப்புப் பாடங்கள் எழுத வேண்டும். நானும் எழுதினேன். தொலைநிலையில் எம்.டெக். தருகிறோம் என்று யாராவது விளம்பரம் கொடுத்தால் நம்பாதீர்கள். பொறியியல் படிப்புகளைத் தொலைநிலையில் நடத்த அனுமதி கிடையாது. எம்.சி.ஏ.வுக்கு உண்டு.

பாடப் புத்தகங்களைப் பற்றி எனக்கு இரண்டு விதமான எண்ணம் இருக்கிறது. தரவுத்தளம், இயங்குதளம், தரவுக் கட்டமைப்பு மூன்றும் அருமை. தனியாகப் படிப்பவருக்கு என்றே எழுதியது போலப் படிப்படியாகச் சொல்லிக்கொண்டு போகின்றன, ஒவ்வொரு பிரிவு முடிந்ததும் கேள்விகள், கடைசியில் விடைகள். மென்பொருள் பொறியியல் புத்தகம்தான் ஏமாற்றம். 1968இல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ நடத்திய மாநாட்டில் தொடங்குகிறது, அதுவரை சரி. அப்புறம், ஒரு கட்டம் முடிந்த பிறகே அடுத்ததைத் தொடங்கும் வாட்டர்ஃபால் முறைக்குப் பக்கம் பக்கமாக இடம் கொடுத்துவிட்டு, மென்பொருளைச் சிறு சிறு பகுதியாகச் செய்து திருத்திக்கொண்டே போகச் சொல்லி 2001இல் பதினேழு பேர் கூடி எழுதிய அஜைல் அறிக்கையை அவசரமாகத் தாண்டிப் போய்விடுகிறது. நிரலில் யார் எப்போது என்ன மாற்றினார்கள் என்று பதிந்துவைக்கும் கிட் (Git) பற்றி ஒரு வரி இல்லை. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதை எழுதியது 2005இல். இன்றைக்குக் கிட் தெரியாமல் எந்தக் குழுவிலும் வேலை செய்ய முடியாது. முதுநிலைப் பட்டம் தரும் படிப்பில் இந்த ஓட்டை இருக்கவே கூடாது.

ஆனாலும் இந்தப் படிப்பை நான் மதிக்கிறேன். அதற்குக் காரணம் கடையின் கடன் பேரேடுதான்.

எங்கள் பகுதியில் உரம் பெரும்பாலும் கடனில்தான் போகும். நடவுக்கு வாங்கி அறுவடைக்குக் கொடுப்பார்கள். மானிய உரத்தை ஆதார் எண் பதிந்து பி.ஓ.எஸ். என்னும் விற்பனைப் பதிவுக் கருவி வழியாகத்தான் விற்க வேண்டும். 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு என்று அதில் பில் வந்துவிடும். ஆனால் யார் எவ்வளவு பாக்கி என்பது அந்தக் கருவிக்குத் தெரியாது, அது எங்கள் நீள நோட்டில் இருக்கும். அந்த நோட்டை மென்பொருளாக மாற்றுவதை என் புராஜெக்ட்டாக எடுத்துக்கொண்டேன்.

வேலையைத் தொடங்கியதும் ஒவ்வொரு பாடமும் கடைக்குள் வந்து நின்றது. மழைக்காலத்தில் எங்களுக்கு மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஒருவர் பத்து மூட்டை எடுக்கிறார், கணினி இருப்பில் பத்தைக் குறைத்துவிட்டது, அவர் பெயரில் கடனை ஏற்றுவதற்குள் கரண்ட் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூட்டையும் இல்லை, கடனும் இல்லை. தரவுத்தளப் புத்தகத்தில் டிரான்ஸாக்ஷன் என்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. இரண்டு வேலையும் சேர்ந்து நடக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டுமே நடக்காதது போல ஆகிவிட வேண்டும். தரவுத்தளம் மாற்றத்தை முதலில் லாக் (log) என்னும் பதிவேட்டில் எழுதிவிட்டு அப்புறம்தான் தரவில் கை வைக்கும், கரண்ட் வந்ததும் அந்த லாக்கைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். தேர்வுக்காகப் பலர் மனப்பாடம் செய்யும் பகுதி அது. நான் பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிச் சோதித்துப் பார்த்தேன். கணக்கு ஒரு முறைகூடப் பிசகவில்லை. அன்றைக்கு எனக்கு உண்டான சந்தோஷத்தை எந்த மதிப்பெண்ணும் தந்ததில்லை.

அடுத்தது நில அளவு. எங்கள் ஊரில் ஏக்கர் என்று யாரும் பேச மாட்டார்கள். "பாப்பா, அஞ்சு மாவுக்குப் பொட்டாஷ் போடணும், கணக்குல எழுதிக்க. அறுத்ததும் கொடுத்துடறேன்" என்பார்கள். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. மூன்று மா கிட்டத்தட்ட ஓர் ஏக்கர். உரத்தின் பரிந்துரையோ ஏக்கருக்கு அல்லது ஹெக்டேருக்கு. எதைத் தரவுத்தளத்தில் வைப்பது? குழியில் முழு எண்ணாக வைத்துக்கொண்டு, திரையில் காட்டும்போது மட்டும் மாவாகவும் ஏக்கராகவும் மாற்றினேன். பணத்தையும் அப்படியே காசில் முழு எண்ணாக வைத்தேன். கணினி 0.1 என்ற எண்ணை இரும முறையில் முழுமையாக எழுத முடியாது, தசமத்தில் கூட்டிக்கொண்டே போனால் வருடக் கடைசியில் சில்லறை இடிக்கும் என்பதைக் கணினி அமைப்புப் பாடம் முதல் செமஸ்டரிலேயே சொல்லியிருந்தது.

இன்னொன்று, ஆளை அடையாளம் காண்பது. செல்பேசி எண்ணை அடையாளமாக வைத்துவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். எங்களிடம் வரும் குடும்பங்களில் அப்பாவும் பெரியப்பாவும் மகனும் ஒரே எண்ணைக் கொடுப்பார்கள். ஒரே ஊரில் ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். கீழத்தெரு, மேலத்தெரு என்று சொல்லித்தான் பிரிப்போம். ஒவ்வொருவரையும் தனித்து அடையாளம் காட்டும் பிரைமரி கீ என்பதை வெறும் வரையறையாகப் படிப்பதும், இரண்டு பேர் கடன் கலந்துவிட்டால் அவர்களுக்குள் என்ன சண்டை வரும் என்று தெரிந்துகொண்டு படிப்பதும் ஒன்றில்லை. ஆறு மாதக் கோடிங் வகுப்பில் படித்த என் தம்பி முறையாகும் பையன் என்னைவிட வேகமாகத் திரைகள் செய்வான். இந்தக் கேள்விகள் அவனுக்கு எழவில்லை. முதுநிலைப் படிப்பு தரும் வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

சரி, குறைகளுக்கு வருகிறேன்.

தொடர்பு வகுப்புகள் தஞ்சாவூரில், சனி ஞாயிறுகளில். மன்னார்குடியிலிருந்து வடுவூர் வழியாகப் பேருந்தில் போய் இறங்கினால் வகுப்பு ரத்து என்று தெரிந்த நாட்கள் உண்டு. முதல் நாள் ராத்திரி ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருக்கலாம். பட்டுக்கோட்டையிலிருந்து கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு ஒரு பெண் வருவார். அவருக்காகவாவது அனுப்பியிருக்க வேண்டும். ஆய்வகக் கணினிகளில் பழைய ஜாவா பதிப்பு, நம் மடிக்கணினியில் ஓடியது அங்கே ஓடாது. வகுப்பு எடுத்தவர்களில் ஒருவர் மட்டும் மிகச் சிறப்பு. கரும்பலகையில் எண்களைக் கிளை கிளையாக அடுக்கும் 'மரம்' என்ற தரவுக் கட்டமைப்பை வரைந்து, அதில் ஓர் எண்ணைச் சேர்க்கும்போது எந்தக் கிளை எப்படித் திரும்பும் என்று ஒவ்வொருவரையும் வந்து வரைய வைப்பார். அவர் வகுப்பை நான் தவறவிட்டதே இல்லை.

ஒப்படைப்புகள்தான் எனக்குப் பெரிய மனக்குறை. எழுதிக் கொடுத்தால் மதிப்பெண் மட்டும் திரும்பி வரும். இந்த ஃபங்ஷன் நீளம், இந்தப் பெயர் புரியவில்லை, இங்கே பிழை வரும் என்று ஒரு சொல் இருக்காது. நாம் எழுதிய நிரலை இன்னொருவர் வாசித்துச் சொல்லாவிட்டால் நம் பழக்கங்கள் மாறாது. தொலைநிலைப் படிப்பு மேம்பட வேண்டும் என்றால் முதலில் இதைச் சரிசெய்ய வேண்டும். ஒரு செமஸ்டருக்கு ஒரு நிரலையாவது யாராவது வரிவரியாகப் படித்துக் கருத்து எழுதட்டும்.

தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும். டெல்டாக்காரர்களுக்கு இரண்டுமே இடைஞ்சல். வழக்கமாக ஜூன் 12 மேட்டூர் திறப்பு, குறுவைக்காகக் கடையில் நிற்க இடம் இருக்காது. டிசம்பரில் சம்பாவுக்கு மேலுரம் போடும் வேலை, கூடவே மழை. தேர்வுத்தாளில் ஜாவா நிரலைப் பேனாவால் எழுத வேண்டும். இது வேண்டாத முறை என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் ஒரு பயன் தெரிந்தது. ஓட்டிப் பார்க்க வழியில்லாததால், ஒவ்வொரு வரியும் என்ன செய்யும் என்று மனத்திலேயே ஓட்டிப் பார்க்கப் பழகினேன். ஆனால் அதுவே முழு மதிப்பீடாக இருப்பது தப்பு.

புராஜெக்ட் வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் மென்பொருளை ஓட்டிப் பார்க்கவில்லை. பைண்டிங் செய்த அறிக்கையைப் புரட்டி, படங்களுக்கு எண் போட்டிருக்கிறதா என்று பார்த்தார். மா, குழி கணக்கைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதற்கு நான் சொன்ன பதிலை அவர் ரசித்துக் கேட்டார் என்பதில் எனக்கு மகிழ்ச்சி. கரண்ட் போனால் என்ன ஆகும் என்று காட்டுவதற்குத் தயாராக மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தேன், கேட்கவில்லை.

இந்தக் குறைகளை நாங்கள் எப்படிச் சமாளித்தோம் என்று சொல்கிறேன், உங்களுக்கு உதவும். பாபநாசம், நீடாமங்கலம், பட்டுக்கோட்டை ஆட்கள் சேர்ந்து ஒரு சின்னக் குழு வைத்தோம். ஞாயிறு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கூகுள் மீட்டில் கூடி, ஒருவர் நிரலை மற்றவர்கள் வாசிப்போம். கிட்டையும் அப்படித்தான் கற்றோம். ஒரே கோப்பை இரண்டு பேர் மாற்றி, மோதல் வந்து, அதைத் தீர்த்துத்தான் அது பிடிபட்டது. பட்டுக்கோட்டை அக்கா யார் நிரலிலும் பிழை கண்டுபிடித்துவிடுவார். சோதனை எழுதும் வேலைக்கு இயல்பான கை அவருக்கு. புத்தகம் புரியாத இடங்களுக்கு என்.பி.டி.இ.எல். காணொளிகள் போதும். ஐ.ஐ.டி.களும் பெங்களூர் ஐ.ஐ.எஸ்சி.யும் சேர்ந்து நடத்துவது, பார்க்கக் கட்டணம் இல்லை. இயங்குதளப் பாடத்தில், ஒரே வளத்துக்குப் பல நிரல்கள் முட்டிக்கொள்ளாமல் முறை வைக்கும் செமாஃபோர் எனக்கு விளங்கியது அங்கேதான்.

பட்டத்தின் மதிப்பு பற்றிக் கேட்பவர்களுக்கு: அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகங்களின் தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேரடிப் பட்டங்களுக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2022 செப்டம்பரில் தெளிவுபடுத்தியிருக்கிறது. இருந்தாலும் ஒரு தனியார் நிறுவனத்தின் நேர்காணலில் "ரெகுலரா, கரஸ்பாண்டன்ஸா" என்பதுதான் முதல் கேள்வியாக வந்தது, பதிலைக் கேட்டதும் பேச்சு குறைந்துவிட்டது. இன்னோர் இடத்தில் கடைப் பேரேட்டை ஓட்டிக் காட்டச் சொன்னார்கள், ஒரு மணி நேரம் அதைப் பற்றியே பேசினோம். இப்போது அவர்களுக்குப் பகுதி நேரமாக வீட்டிலிருந்து வேலை செய்கிறேன். தஞ்சாவூரிலேயே 2024இல் மினி டைடல் பூங்கா திறந்திருக்கிறார்கள். ஊரைவிட்டுப் போகாமல் இந்த வேலை செய்ய முடியும் என்று நம்ப எனக்குக் காரணம் இருக்கிறது.

ஆகவே பட்டம் மட்டும் வேண்டும், பதவி உயர்வுக்கு ஒரு சான்றிதழ் போதும் என்பவருக்கும் இது உதவும், சிரமப்பட்டாவது முடித்துவிடலாம். கல்லூரி முடித்த கையோடு, வேறு பொறுப்பு இல்லாமல், சென்னையில் வேலை தேடும் இருபத்தொரு வயதுப் பிள்ளைக்கு நேரடிப் படிப்புதான் நல்லது. கூட நான்கு பேர், நாள் முழுக்க ஆய்வகம், வளாக நேர்காணல் எல்லாம் அங்கே கிடைக்கும். வேலையோடு இருப்பவர்கள், குழந்தை வளர்ப்பவர்கள், ஊரைவிட்டு நகர முடியாதவர்கள் இங்கே வாருங்கள்.

சேர்வதற்கு முன் யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு (டி.இ.பி.) வெளியிடும் பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் இல்லாமல், எம்.சி.ஏ.வும் அந்தப் பருவத்துக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது டி.இ.பி. எண் இல்லாமல் சேர்க்கை கிடையாது, அதற்கு ஏ.பி.சி. (மாணவரின் கிரெடிட்டுகளைச் சேமிக்கும் இணையக் கணக்கு) எண்ணும் வேண்டும். ஆதாரில் பெயர் எப்படி இருக்கிறது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். நம் ஊரில் இனிஷியல் ஒன்றில் முன்னால் இருக்கும், ஒன்றில் பின்னால் இருக்கும், ஒன்றில் அப்பா பெயரே முழுதாக இருக்கும். மதிப்பெண் சான்றிதழோடு அது ஒத்துப்போகவில்லை என்றால் திருத்தி வாங்க நாளாகும், அதற்குள் சேர்க்கைத் தேதி போய்விடும்.