இஞ்சிப் பை வாங்கினனான், விதை திறம், மண் சரியில்ல

போன சித்திரை வருசப்பிறப்பு முடிஞ்ச கையோட யாழ்ப்பாணம் திருநெல்வேலிப் பக்கம் கண்டு விக்கிற ஒரு நேர்சறியில இஞ்சி நட்ட பை 5 வாங்கினனான், ஒண்டு 350 ரூபா. கன பேர் வாங்கலாமோ எண்டு கேக்கிறபடியா இப்ப எல்லாம் கிண்டி எடுத்தாப்பிறகு எழுதுறன்.

விதை உண்மையா திறம். பெருசா வெளுத்த சீன இஞ்சி இல்ல, ஊர் இஞ்சி, சின்னச் சின்ன விரல், நார் கூட, ஆனா முறிச்ச உடன மூக்கில ஏறுற வாசம். மூண்டு கிழமையில நாலு பை முளைச்சிட்டுது, மற்றது ஒரு கிழமை பிந்தி. முந்தி கறிக்கு வாங்கின இஞ்சியை ரெண்டு தரம் நட்டுப் பாத்தனான், கண்ணெல்லாம் காஞ்சு போய் ஒண்டுமே முளைக்கேல்ல, அதால இது எனக்குப் பெரிய சந்தோசம்.

குறை மண்ணில தான். பை முழுக்க வெறும் செம்மண், எரு பேருக்குத்தான். எங்கட செம்மண் வெங்காயத்துக்கு நல்லது, ஆனா இஞ்சிக்கு மண் பொலபொலவெண்டு இருக்கோணும், தண்ணி நிக்கக் கூடாது, கொஞ்சம் புளிப்பாவும் இருக்கோணும், எங்கட கிணத்துத் தண்ணியில சுண்ணாம்பு கூட எண்டது தெரியும் தானே, அது மண்ணின்ர புளிப்பைக் குறைச்சிடும். அதால ஆடியில மூண்டை உரப்பைக்கு மாத்தி மாட்டெரு, தும்புத்தூள், கொஞ்சம் மணல் கலந்து மேல மாஞ்சருகு போட்டு மாமரத்துக்குக் கீழ வைச்சன். மாத்தாம விட்ட ரெண்டில ஒண்டு ஐப்பசி மழையோட அழுகிப் போட்டுது. அடித்தண்டு மஞ்சளாகி இழுக்க கையோட வந்திட்டுது, கிழங்கு கரைஞ்சு ஒரே நாத்தம். பையில ரெண்டே ரெண்டு ஓட்டை, அதுவும் மண் அடைச்சு. நேர்சறிக்காரரிட்டப் போய்ச் சொன்னா "மழைக்கு நாங்கள் என்ன செய்யிறது தங்கச்சி" எண்டார், அது சரியான பதில் இல்ல, ஓட்டை போடுறது அவையின்ர வேலை.

புரட்டாதியில ஒரு பையின்ர ஓரத்தில கொஞ்சம் பிஞ்சா கிண்டினன், தோல் சுரண்டவே தேவையில்ல, மோருக்கும் சம்பலுக்கும் அப்பிடி ஒரு ருசி. மிச்சத்தை தையில இலை காஞ்சு விழுந்தாப்பிறகு எடுத்தது. மாத்தின மூண்டிலயும் சேத்து 1 கிலோ 300 கிராம், மாத்தாம தப்பின ஒண்டில வெறும் 150 கிராம். ஆட்டிறைச்சிக்கு உள்ளியோட இடிச்சுப் போடேக்க வழமையா போடுறதில பாதி காணும், பிளேன்ரீக்கு நகத்தளவு தட்டிப் போட்டா தொண்டை வரைக்கும் உறைக்குது. அம்மா மல்லி அவிக்கிறதுக்கு எண்டு ஒரு பங்கு தனிய எடுத்து வைச்சிட்டா.

பை வேண்டாம், விதை மட்டும் தாங்கோ எண்டு கேளுங்கோ, தருவினம். நான் இந்தச் சித்திரைக்கு கால் கிலோ சொல்லி வைச்சிட்டன்.