வலது காலுக்கு ஒரு மாற்றாள்

நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் ஆக்சிலரேட்டரை ஒரே அளவில் அழுத்திக்கொண்டிருந்தால், என் வலது முழங்கால் சில்லுக்குக் கீழே ஊசி குத்தத் தொடங்கும். அந்த நிலையில் காலை நீட்டவும் முடியாது, மடக்கவும் முடியாது. "காரை மாற்றிப் பாருங்களேன்" என்றார் மருத்துவர். 22 வருடமாக என்னோடு இருக்கும் கார் அது. கதவு சாத்தப்படும் ஓசையை வைத்தே எங்கள் வீட்டில் யார் இறங்கினார்கள் என்று சொல்லிவிடுவேன். காரை விட மனமில்லை. காலுக்குத்தான் ஒரு மாற்றாள் தேடினேன். அப்படி வாங்கிப் பொருத்தியதுதான், பெடலில் கால் வைக்காமலே நாம் வைத்த வேகத்தில் காரை ஓட்டும் இந்தக் குரூஸ் கன்ட்ரோல் கிட். எட்டு மாதம் ஓட்டிவிட்டு எழுதுகிறேன்.

என் கார் பெட்ரோல், ஐந்து கியர், ஆக்சிலரேட்டர் பெடலிலிருந்து எஞ்சின் வரை எஃகுக் கேபிள் ஓடும் பழைய வகை. பெடலும் எஞ்சினும் மின்சாரத்தால் மட்டும் பேசிக்கொள்ளும் பிற்காலத்துக் கார்களில் இந்த வேலை எளிது. பெடலின் பிளக்கைக் கழற்றி நடுவில் ஒரு பெட்டியைச் செருகினால் பெரும்பகுதி முடிந்துவிடும். கேபிள் காரில் யாராவது உட்கார்ந்து அந்தக் கேபிளை நிஜமாகவே இழுக்க வேண்டும். இழுப்பதற்கு இரண்டு வகைக் கருவிகள் இருக்கின்றன. எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடத்தைக் கொண்டு ரப்பர் சவ்வை இழுப்பது ஒன்று. சிறிய மின்மோட்டாரால் இழுப்பது இன்னொன்று. வெற்றிட வகையில் ஒரு வேடிக்கை உண்டு: ஏற்றத்தில் திராட்டில் (எஞ்சினுக்குள் காற்றை விடும் மடல்) அகலத் திறக்கத் திறக்க வெற்றிடம் குறையும். அதாவது பலம் தேவைப்படும் நேரத்தில்தான் அதற்குப் பலம் இருக்காது. அதைச் சமாளிக்க ஒரு சேமிப்புக் குப்பியும் ஒருவழி வால்வும் சேர்த்துப் பொருத்துவார்கள். எனக்கு அந்தக் குழாய் வேலையெல்லாம் வேண்டாம் என்று தோன்றியது. மோட்டார் வகையை வாங்கினேன்.

பெட்டியைத் திறந்ததும் திருப்தியாக இருந்தது. மோட்டார் இருக்கும் உறை கனமானது, வயர்களுக்கு ஒவ்வொன்றாகப் பெயர்ச் சீட்டு, இணைப்புகள் தண்ணீர் புகாதவை. கையேடுதான் கண்ணைக் கெடுத்தது. கடுகு போன்ற எழுத்தில் எல்லாக் கார்களுக்கும் சேர்த்து எழுதியதால், நம் காருக்கு எது என்று பொறுக்கி எடுக்கவே ஒரு மாலைப்பொழுது போயிற்று.

பல வருடமாக இந்தக் காரைப் பார்த்துவரும் மெக்கானிக்கும் நானுமாகப் பொருத்த இரண்டு நாள் ஆனது. முதல் நாளில் பாதி, மோட்டாரை எங்கே வைப்பது என்பதிலேயே கழிந்தது. சைலன்ஸர் குழாயின் சூடு படக்கூடாது, அதன் கேபிள் எங்கும் ஒடிந்து வளையக்கூடாது, பானெட் மூடும்போது இடிக்கக்கூடாது. கடைசியில் பேட்டரிக்குப் பின்னால் ஒரு இடம் கிடைத்தது.

மோட்டாரின் கேபிளையும் எஞ்சினின் திராட்டில் கையையும் இணைப்பது மணிகள் கோத்தது போன்ற ஒரு சிறிய சங்கிலி. இந்தக் கிட்டின் நல்லது கெட்டது முழுவதும் அந்த ஒரு சாண் சங்கிலியில்தான் இருக்கிறது. பெடலில் கால் இல்லாதபோது அது ஒரு மணி அளவுக்குத் தொய்ந்திருக்க வேண்டும். அதிகம் தொய்ந்தால் மோட்டார் முதலில் வெறுமனே இழுத்துவிட்டுப் பிறகு வெடுக்கென்று திராட்டிலைப் பிடிக்கும். விறைத்திருந்தால் திராட்டில் முழுதாக மூடாது. நாங்கள் முதலில் விறைப்பாகவே மாட்டிவிட்டோம். சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு 850 சுற்றில் ஓட வேண்டிய எஞ்சின் 1,400இல் ஓடியது. மெக்கானிக் மீட்டரைப் பார்க்கவேயில்லை. "ஐயா, இதுக்கு மூச்சு வாங்குகிறது" என்று சொல்லிவிட்டுச் சங்கிலியைக் கழற்றி இரண்டு மணி தள்ளி மாட்டினார். பிறகு திராட்டில் கையை விரலால் இழுத்து இழுத்து விட்டார். விட்டவுடன் 'டக்' என்று மூடும் ஓசை வந்தால் சரி. இருபது தடவையாவது அதைக் கேட்டிருப்பார்.

என் காரின் ஸ்பீடோமீட்டரும் கேபிளில் ஓடுவதுதான் என்பதால், வேகத்தைச் சொல்ல மின்சைகை எதுவும் கிடையாது. அதற்காகக் கிட்டில் இரண்டு காந்தங்கள் கொடுத்திருந்தார்கள். சக்கரத்தைச் சுழற்றும் அச்சுத் தண்டில் எதிரெதிராக அவற்றை வைத்து இறுகக் கட்டி, ஒரு விரல் இடைவெளியில் உணர்வியைப் பொருத்த வேண்டும். என் டயரின் சுற்றளவு ஏறத்தாழ 1.8 மீட்டர். 80 கி.மீ. வேகத்தில் கார் விநாடிக்கு 22 மீட்டர் போகிறது. தண்டு 12 முறைக்கு மேல் சுழல்கிறது. இரண்டு காந்தத்துக்கும் சேர்த்து விநாடிக்குச் சுமார் 25 துடிப்பு. மாற்றாளுக்குக் கண் என்று இருப்பது இது மட்டும்தான்.

எல்லாம் மாட்டி வெளியே எடுத்துப்போய், ஓடும் வேகத்தைப் பிடித்துவைக்கும் 'செட்' பொத்தானை அழுத்தினால் அசைவே இல்லை. வயர்களை ஒவ்வொன்றாக மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தோம். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் பிடிபட்டது: குற்றவாளி, முந்தைய வருடம் நானே ஆசையாக மாட்டிய எல்.இ.டி. பிரேக் விளக்குகள். பிரேக்கை அழுத்தாதபோது இந்தக் கருவி, பிரேக் விளக்கின் இழை வழியாக எர்த் கிடைக்கிறதா என்று பார்க்கிறது. கிடைத்தால் பிரேக் வயர் அறுபடாமல் இருக்கிறது என்று பொருள். எல்.இ.டி. விளக்கில் அந்த வழி இல்லை. ஆகவே, "பிரேக் என்னோடு பேசவில்லை, நான் வேலை செய்ய மாட்டேன்" என்று அது உட்கார்ந்துவிட்டது. பழைய இழை பல்புகளை மாட்டியதும் எழுந்துகொண்டது. கையேட்டின் கடைசிப் பக்கங்களில் ஒரே ஒரு வரியில் இதைச் சொல்லியிருக்கிறார்கள். முதலில் எரிச்சல் வந்தது. காரில் திரும்பி வரும்போது மரியாதை வந்துவிட்டது. பிரேக்கோடு தொடர்பு உறுதியாகாமல் ஆக்சிலரேட்டரைத் தொடமாட்டேன் என்கிற ஆளை வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

அதன் பிறகு இதை நான் சோதித்ததெல்லாம் எவ்வளவு நன்றாகப் பிடிக்கிறது என்று பார்ப்பதற்காக அல்ல, எவ்வளவு சீக்கிரம் விடுகிறது என்று பார்ப்பதற்காக. ஆளில்லாத நேர்ச்சாலையில் நாள் முழுவதும் அதே வேலை. பிரேக் பெடலைக் கட்டைவிரலால் தொட்டால்கூட விட்டுவிடுகிறது. ஆனால் என் காரின் பிரேக் விளக்கு சுவிட்ச் 22 வருடப் பழசு. பெடல் கொஞ்சம் இறங்கிய பிறகுதான் அதற்கு விழிப்பு வந்தது. புதிது மாட்டிய பிறகே இந்த நல்ல பெயர். கிளட்ச் விஷயத்தில் கிட்டுக்கு மதிப்பெண் குறைக்கிறேன். கிளட்ச்சை மிதித்ததும் எஞ்சின் தடதடவென்று சுழற்சி கூடுவதைக் கண்டுபிடித்து விட்டுவிடும் என்பது அவர்கள் திட்டம். விடுகிறதுதான், ஆனால் அதற்குள் எஞ்சின் ஒருமுறை அலறிவிடுகிறது. ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் அந்த அலறலைக் கேட்க எனக்கு மனமில்லை. கிளட்ச் பெடலுக்கும் தனியாக ஒரு சுவிட்ச் வைத்தோம். கையால் கியர் போடும் கார் வைத்திருப்பவர்கள் இதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

சமதளத்தில் 80இல் வைத்தால் ஒரு கி.மீ. கூடவோ குறையவோ ஓடுகிறது. தொடக்கத்தில் உணர்திறன் சுவிட்சை உயர்த்தி வைத்திருந்தேன். கார் ஊஞ்சல் போல முன்னும் பின்னும் ஆடியது. ஒரு படி இறக்கியதும் நின்றது. மிதமான ஏற்றத்தில் நான்கு கி.மீ. வரை இறங்கிவிட்டு நிதானமாக மீட்டுக்கொள்கிறது. செங்குத்தான ஏற்றத்தில் ஐந்தாம் கியரிலேயே திணறும். கியர் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது, நாம்தான் இறக்க வேண்டும். இறக்கத்தில் பிரேக் போட அதற்குக் கை கிடையாது. ஒரு நீண்ட சரிவில் 80 என்பது 94 ஆனது. முன்னால் போகும் லாரியையும் அது பார்க்காது. மழையில் நான் போடுவதே இல்லை. தேங்கிய தண்ணீரில் சக்கரம் பிடிப்பை இழக்கிற நேரத்தில் ஆக்சிலரேட்டர் என் காலடியில் இருக்க வேண்டும்.

அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் டீட்டர் 1950இல் குரூஸ் கன்ட்ரோலுக்குக் காப்புரிமை வாங்கினார். 1958இல் கிரைஸ்லர் கார்களில் வந்தது. டீட்டர் சிறுவயதிலேயே பார்வை இழந்தவர். காரோட்டிக்கொண்டே பேசும் அவருடைய வழக்கறிஞர், பேச்சுக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்து இவரைக் குலுக்கியதில்தான் இந்த யோசனை பிறந்தது என்று சொல்வார்கள். இதை என் மனைவியிடம் சொன்னேன். "முப்பது வருடமாக நானும் அதைத்தானே சொல்கிறேன்" என்றாள். அரசியல் பேசும்போது என் கால் தானாக இறங்குமாம். இப்போது அவள் ஓடும் காரில் தூங்குகிறாள்.

பொத்தான்கள் விஷயத்தில் மட்டும் வடிவமைத்தவர் இரவில் காரோட்டாதவர் என்று தோன்றுகிறது. விளக்கு இல்லை, 'செட்', பழைய வேகத்துக்குத் திரும்பும் 'ரெசியூம்' இரண்டும் தடவிப் பார்த்தால் ஒரே மாதிரி. ஒரு கிராமத்தைக் கடக்க 50க்கு இறங்கியவன், அதே வேகத்தில் போகலாம் என்று 'செட்' என்று நினைத்து மற்றதை அழுத்திவிட்டேன். பழைய 80ஐ நினைவில் வைத்திருந்த கார் பாய்ந்தது. மறுநாள் 'ரெசியூம்' மேல் நகத்தளவு உப்புத்தாள் வெட்டி ஒட்டினேன். விரலுக்குச் சொரசொரப்பாகப் பட்டால் நிதானம்.

முழங்கால் நான்கு மணி நேரப் பயணத்தைத் தாங்குகிறது. ஓய்வு கிடைத்த பாதத்தை முதல் வாரம் இருக்கைக்கு அடியில் மடக்கி வைத்தேன்; பிரேக்குக்கு வர நேரமானது. இப்போது பிரேக் பெடலுக்கு முன்னால் தரையில் குதிகால் ஊன்றி வைத்துக்கொள்கிறேன்.

மாதம் ஒருமுறை, எஞ்சினை அணைத்துவிட்டுப் பானெட்டைத் திறந்து, திராட்டில் கையை விரலால் இழுத்து விடுகிறேன். 'டக்' என்று கேட்டதும் மூடிவிடுகிறேன்.