மாட்டுக்கொட்டகை ஆணியும் அப்பாவின் முதல் ஊசியும்

இந்தப் பொங்கலுக்கு மூன்று வார விடுப்பில் மன்னார்குடிப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். பொங்கல் முடிந்த நான்காம் நாள் சாயங்காலம், பிரித்துப் போட்டிருந்த பழைய மாட்டுக்கொட்டகைக்குள் வெறுங்காலோடு நடந்து, சட்டத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஆணியை மிதித்துவிட்டேன். ஜெர்மனியில் பதினாறு வருடம் செருப்பு, ஷூ என்று பழகிய கால். ஊர் மண்ணைத் தொட வேண்டும் என்று ஆசைப்பட்டதற்கு உடனே கிடைத்துவிட்டது.

அம்மா மஞ்சளோடு ஓடி வந்தாள். சித்தப்பா அதைவிட வேகம். பைக்கில் உட்கார வைத்து டவுனில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். அங்கே நடந்தது இதுதான்: படுக்க வைத்தார்கள், டிரிப்ஸ் ஏற்றினார்கள், அதிலேயே ஆன்டிபயாடிக் போட்டார்கள். காலை யாரும் கழுவவில்லை. அப்புறம் “டெட்டனஸ் வராம இருக்க இம்யூனோகுளோபுலின்னு ஒரு ஊசி போடணும், எழுதிடட்டுமா?” என்றார்கள். நான் கைப்பேசியில் ஜெர்மனியில் வைத்திருக்கும் என் மஞ்சள் நிறத் தடுப்பூசிப் புத்தகத்தின் படத்தைக் காட்டினேன். சிறு வயதில் போட்டது முதல் 2014-இல் கடைசியாகப் போட்டது வரை டெட்டனஸ் தடுப்பூசி எல்லாம் அதில் இருக்கிறது. “வெளிநாட்டுக் கணக்கெல்லாம் இங்க பார்க்கிறதில்ல சார்” என்று பதில் வந்தது. 3,000 ரூபாய்ச் சொச்சம் கட்டிவிட்டு, அந்த ஊசி மட்டும் வேண்டாம் என்று கிளம்பிவிட்டேன். சித்தப்பாவுக்கு என்மேல் வருத்தம்தான்.

மறுநாள் காலை அப்பாவும் நானும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். ஓ.பி. சீட்டு வாங்கி இருபது நிமிடம் பெஞ்சில் காத்திருந்தோம். கட்டு கட்டும் அறையில் இருந்த சிஸ்டர் ஊசியைப் பற்றிப் பேசவே இல்லை. முதலில் மஞ்சளைக் கழுவி எடுத்தார். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு நிதானமாகக் கழுவி, காயத்துக்குள் ஏதாவது தங்கியிருக்கிறதா என்று பார்த்து, அதற்குப் பிறகுதான் டாக்டரிடம் அனுப்பினார்.

டாக்டருக்கு முப்பது வயதுகூட இருக்காது. புத்தகத்தின் படத்தைப் பெரிதாக்கித் தேதிகளைப் படித்தார். “முதல் மூணு ஊசியும் ஒழுங்கா இருக்கு. கடைசி ஊசி போட்டுப் பத்து வருஷம் தாண்டிடுச்சு. ஒரு டி.டி. போதும்” என்றார். டெட்டனஸ் தடுப்பூசியைத்தான் அப்படிச் சொல்வார்கள். இம்யூனோகுளோபுலின் என்பது வேறொருவர் உடம்பில் உண்டான எதிர்ப்புச் சக்தியை அப்படியே எடுத்து ஏற்றுவது. மூன்று தவணை முடிக்காதவர்களுக்கும், போட்டோமா இல்லையா என்றே தெரியாதவர்களுக்கும், காயம் இப்படி ஆழமாக அழுக்காக இருந்தால்தான் அது தேவை. இப்போது போடும் டி.டி.யும் நம் காலத்து டி.டி. இல்லையாம். டெட்டனஸோடு தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்து வரும் மருந்து. பெயர் மட்டும் மக்கள் வாயில் மாறவில்லை.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை போட வேண்டாமா என்று கேட்டேன். எங்கள் ஊரில் அதுதான் சட்டம். சிரித்தார். அடிக்கடி போட்டால் கைதான் வீங்குமாம். ஆணியின் துருவுக்கும் இதில் பெரிய பங்கில்லை. கிருமி இருப்பது மண்ணிலும் சாணத்திலும். காற்றுப் போகாத ஆழமான காயம் கிடைத்தால் அங்கே வளர்ந்து நஞ்சைச் சுரக்கும். மாட்டுக்கொட்டகை ஆணியைவிட நல்ல இடம் அதற்கு அமையாது.

பயிற்சிக் காலத்தில் தான் பார்த்த ஒரு டெட்டனஸ் நோயாளியைப் பற்றியும் சொன்னார். முதலில் வாயைத் திறக்க முடியாமல் பல் மருத்துவரிடம் போனவராம். அடுத்தடுத்த நாட்களில் கழுத்து, முதுகு எல்லாம் இறுகிவிட்டது. இருட்டறையில் வைத்திருந்தார்கள். ஒரு தட்டு கீழே விழும் சத்தத்துக்கே உடம்பு வில்லாக வளைந்ததாம். டெட்டனஸுக்கு ரணஜன்னி, வில்வாதம் என்றெல்லாம் பெரியவர்கள் பெயர் வைத்தது சும்மா இல்லை. நரம்பில் ஏற்கெனவே ஒட்டிக்கொண்ட நஞ்சை எந்த மருந்தாலும் பிரிக்க முடியாது. ஒட்டாமல் சுற்றுவதை மட்டும் இம்யூனோகுளோபுலின் முறிக்கும். மெட்ரோனிடசோல் கிருமியைக் கொல்லும். தசை இறுக்கத்துக்குத் தனி மருந்து, மூச்சுக்கு வென்டிலேட்டர் என்று வாரக் கணக்கில் தாங்கிப் பிடித்துத்தான் ஆளை மீட்க வேண்டும். இவ்வளவும் பட்டு எழுந்தாலும் எதிர்ப்புச் சக்தி வராது, அவருக்கும் தடுப்பூசி போட்டாக வேண்டும் என்றார். ஆளைச் சாய்க்கப் போதுமான நஞ்சு, உடம்பு அடையாளம் கண்டு வைத்துக்கொள்ளப் போதாதாம்.

எனக்கு ஊசி போட்டு முடிந்ததும் டாக்டர் அப்பா பக்கம் திரும்பினார். “ஐயா, நீங்க எப்பப் போட்டீங்க?”

அப்பாவுக்கு 72 வயது. மண்வெட்டி, அரிவாள், கருவேல முள் என்று அவர் காலில் படாதது இல்லை. எல்லாவற்றுக்கும் வெட்டுக்காயப் பச்சிலையைக் கசக்கி வைத்துவிட்டு வேலையைப் பார்த்தவர். நம் நாட்டில் அரசின் தடுப்பூசித் திட்டம் தொடங்கியதே 1978-இல்தான். அம்மாவுக்காவது எங்களைச் சுமந்தபோது போட்டிருக்கிறார்கள். கர்ப்பிணிப் பெண்களுக்குப் போட்டுப் போட்டுத்தான் பிறந்த குழந்தைகளுக்கு வரும் ரணஜன்னியை 2015-இல் இந்தியாவில் ஒழித்ததாக அறிவிக்க முடிந்தது. எங்கள் அப்பாயிக்கு ஒரு பிள்ளை ஏழாம் நாள் பால் குடிக்காமல் விறைத்துப் போனது. பேய் பிடித்தது என்றுதான் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

“எனக்கு எதுக்கு தம்பி, அடிபட்டது அவனுக்குல்ல?” என்றார் அப்பா.

“அவரைவிட உங்களுக்குத்தான் ஐயா வேணும். இன்னிக்கு ஒண்ணு, ஒரு மாசம் கழிச்சு ஒண்ணு, அப்புறம் ஆறு மாசத்துல ஒண்ணு.”

சட்டைக் கையை மடித்துவிட்டார் அப்பா. என் நினைவில் அவர் ஊசி போட்டுப் பார்த்ததே இல்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். இருவருக்கும் சேர்த்துச் செலவு ஒன்றுமில்லை. சிஸ்டர் சீட்டின் பின்பக்கம் அடுத்த தேதியை எழுதிக் கொடுத்தார். அது வீட்டில் தொலைந்துவிடும் என்று தெரிந்து, தினசரிக் காலண்டரில் அந்தத் தாளிலேயே சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டுவிட்டு விமானம் ஏறினேன்.

அந்தத் தேதிக்கு மறுநாள் போன் செய்தேன். காலண்டர் தாளைக் கிழித்தது அம்மா. அப்பா எங்கே என்று கேட்டேன். “கை வலிக்குதுன்னு திண்ணையில உட்கார்ந்திருக்காரு” என்றாள்.